பாசிமணித் தையல்: குறை தெரிவது ஓரிடம், தொடங்குவது வேறிடம்

பாசிமணி தைக்கத் தொடங்குபவர்கள் கைவிடும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆர்வத்தோடு பத்து வரிசை தைத்திருப்பார்கள். பட்டை ஒரு பக்கமாக வளைந்திருக்கும், நடுவில் நூல் வெளியே தெரியும், ஊசி ஏதோ ஒரு மணிக்குள் போகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். உடனே, "எனக்கு இதெல்லாம் கை வராது" என்று டப்பாவை மூடிவிடுவார்கள். கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பத்தாவது வரிசையில் தெரிகிற கோணல், அநேகமாக முதல் மூன்று வரிசைக்குள் விழுந்திருக்கும். சில சமயம் ஊசியில் நூல் கோப்பதற்கு முன்பே, மணி வாங்கும்போதே விழுந்திருக்கும். எந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், பிரித்துத் தைப்பதுகூடச் சலிப்பாக இருக்காது.

மணியிலும் நூலிலும்

அளவு எண்ணைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதுதான் முதல் தடுமாற்றம். எண் கூடக் கூட மணி சிறிதாகும். 6/0 மணி சுமார் 4 மி.மீ., 8/0 சுமார் 3 மி.மீ., 11/0 என்றால் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே, 15/0 வெறும் 1.5 மி.மீ. நகை நளினமாக வரவேண்டும் என்று எடுத்த எடுப்பில் 15/0 வாங்குவது வீண் சிரமம். துளை மிகச் சிறியது. இரண்டு மூன்று முறை நூல் போனதும் அடைத்துக்கொள்ளும். நூல் எந்த மணியிலிருந்து எந்த மணிக்குப் போகிறது என்றும் கண்ணுக்குப் பிடிபடாது. தையல் பழக 8/0 தான் சரி. கை பழகிய பிறகு 11/0.

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. 11 என்று போட்டிருக்கும் மணியெல்லாம் ஒரே அளவு அல்ல. மியுகி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் டெலிகா மணி உருளை வடிவம். சுவர் மெல்லியது, துளை அகலம், ஓரம் நேராக வெட்டியிருக்கும். அதே நிறுவனத்தின் 11/0 உருண்டை மணி அதைவிடப் பெரியது. ஒரு கிராமுக்கு டெலிகா ஏறக்குறைய 200 வரும். உருண்டை மணி 110 போலத்தான் வரும். நிறம் பொருந்துகிறதே என்று இரண்டையும் ஒரே பட்டையில் கலந்துவிட்டால், உருண்டை மணி விழுந்த இடமெல்லாம் பட்டை அலை அலையாக எழும். அதை எந்தத் தையலாலும் படிய வைக்க முடியாது. செக் நாட்டு மணிகள் வேறு ரகம். கொஞ்சம் தட்டையாக, ஒரே சரத்திலேயே தடிமன் மாறி மாறி இருக்கும். அதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். வலைப்பின்னலிலும் சுருள்கயிற்றிலும் அந்த ஏற்ற இறக்கம் ஓர் உயிர்ப்பைக் கொடுக்கிறது. ஆனால் நேர்கோட்டு ஓரம் வேண்டும் என்றால் அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

எந்த மணியானாலும் பொறுக்காமல் தைக்காதீர்கள். ஒரு துணிமேல் பரப்பி, மெலிந்தது, தடித்தது, துளை கோணியது, ஓரம் உடைந்தது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். ஓரம் உடைந்த மணி அசிங்கமாகத் தெரிவது மட்டுமல்ல, கண்ணாடி முனை நூலை மெல்ல மெல்ல அறுத்துவிடும். பொறுக்கியதைத் தூக்கிப்போட வேண்டாம். மெலிந்த மணி, நெருக்கமான இடத்தில் ஒரு மணியைக் கூடுதலாகச் சேர்க்கும்போது கைகொடுக்கும்.

மணியின் பூச்சையும் பாருங்கள். மலிவான கால்வனைஸ்டு பூச்சு (உலோகம் போலப் பளபளக்கும் மேற்பூச்சு), வியர்வை பட்டுப் பட்டு உரிந்து, உள்ளே இருக்கும் கண்ணாடி தெரிய ஆரம்பிக்கும். சாயம் ஏற்றிய இளஞ்சிவப்பும் ஊதாவும் வெயிலில் வெளுக்கும். மோதிரம், கைவளை என்று தோலோடு உரசிக்கொண்டே இருக்கும் நகைக்கு இவை வேண்டாம். சந்தேகம் இருந்தால் நான்கைந்து மணிகளை நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் சற்று நேரம் போட்டுவைத்து எடுத்துப் பாருங்கள். சாயம் போவதாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

நூலில் செய்யும் தவறு இன்னும் பெரிது. சாதாரணத் தையல் நூல் மணியின் துளையில் உரசியே பஞ்சாகிவிடும். ஒற்றை இழைத் தூண்டில் நரம்பு விறைப்பாக நிற்கும், நாளாக ஆக முறுகி உடையும். மணித் தையலுக்கென்றே நைமோ, கே.ஓ., ஒன்-ஜி போன்ற நைலான் நூல்கள் இருக்கின்றன. இவை நீளும் தன்மை கொண்டவை. அதனால் கோப்பதற்கு முன் பகுதி பகுதியாகப் பிடித்து நன்றாக இழுத்துவிட வேண்டும். இழுக்காமல் தைத்தால் நகையின் எடையில் நூல் பிறகு தானாக நீளும், தைத்த நாளில் இல்லாத இடைவெளி சில வாரம் கழித்துத் தெரியும். ஃபயர்லைன் என்பது பின்னிய நூல், அது நீளாது. 11/0 மணிக்கு அதில் 6 பவுண்டு என்று குறித்த ரகம் போதும். புகை நிறத்து ஃபயர்லைன் வெளிர் மணியில் சாம்பல் கறையை விட்டுவிடும். வெளிர் நிறங்களுக்கு நிறமற்றதையே எடுங்கள்.

ஊசியிலும் எண் கூடினால் மெலிசு. 8/0, 11/0 மணிகளுக்கு 10ஆம் எண் ஊசி, நூல் பலமுறை போகும் தையலுக்கு 12, 15/0 மணிக்கு 13 அல்லது அதற்கும் மெல்லியது. நூலின் நீளம் இரண்டு கைகளையும் விரித்தால் வரும் அளவு போதும். அடிக்கடி நூல் சேர்க்கச் சோம்பல்பட்டு இரட்டிப்பு நீளம் எடுத்தால், தைக்கும் நேரத்தைவிடச் சிக்கெடுக்கும் நேரம்தான் கூடும்.

பியோட்டின் மூன்றாவது வரிசை

பழகுபவர்களில் பெரும்பாலோர் முதலில் எடுப்பது பியோட் தையல், அதாவது ஒரு மணியைத் தாண்டி அடுத்த மணிக்குள் நூலைக் கொண்டுபோகும் தையல். அங்கே அவர்கள் தடுமாறுவதும் ஒரே இடத்தில்தான், அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு நிறுத்துமணி. வேறு நிறத்தில் ஒரு மணியைக் கோத்து, நூலின் நுனியில் ஒரு சாண் விட்டு, அதே மணிக்குள் மறுபடி ஒருமுறை ஊசியை விட்டு இழுத்தால் அது நூலைப் பிடித்துக்கொள்ளும். இதை விட்டுவிடுகிறவர்களுக்குத் தொடக்க வரிசை முழுக்கத் தொளதொளவென்று ஆகிவிடும். பிறகு பத்து மணிகளைக் கோக்கிறீர்கள் என்று வையுங்கள். இந்தப் பத்தும் ஒரு வரிசை அல்ல, முதல் இரண்டு வரிசைகள் ஒன்றாகக் கிடக்கின்றன. பதினோராவது மணியை எடுத்து, பத்தாவதைத் தாண்டி, ஒன்பதாவது மணிக்குள் திரும்பி வருகிறீர்கள். அடுத்த மணியை எடுத்து, எட்டைத் தாண்டி, ஏழுக்குள். இப்படியே ஒன்றாவது மணி வரை. இப்போது இழுத்தால், தாண்டிய மணிகள் ஒரு மட்டம் கீழே இறங்கும், புதிய மணிகள் மேலே நிற்கும். பல் வரிசை தெரியும்.

தெரிய வேண்டும். ஆனால் இந்தக் கட்டத்தில் முழுச் சரமும் முறுக்கிக்கொள்ளும். மேலே நிற்பது எது, கீழே இறங்கியது எது என்று குழம்பி, ஊசியை இறங்கிய மணிக்குள் விட்டுவிடுவார்கள். நான்காவது வரிசை முடியும்போது பட்டை சுருண்டு, ஏன் என்றே தெரியாமல் நிற்கும். இதற்கு நான் கண்ட எளிய வழி மூன்று நிறம். முதல் பத்தை வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம் என்று மாற்றி மாற்றிக் கோத்துவிட்டு, மூன்றாவது வரிசையைச் சிவப்பில் தையுங்கள். நான்காவது வரிசையில் ஊசி சிவப்புக்குள் மட்டும்தான் போக வேண்டும். வேறு நிறத்துக்குள் போனால் அந்த நொடியே தெரிந்துவிடும். அழகான பூ வடிவம், எழுத்து வடிவம் எல்லாம் இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரட்டைப்படை எண்ணிக்கையில் தொடங்குங்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். ஒற்றைப்படையில் ஒரு பக்க ஓரத்தில் கடைசி மணியைப் பிடித்து நிறுத்த அடுத்த மணி இருக்காது. உள் மணிகள் வழியாக நூலை எட்டு வடிவத்தில் சுற்றிக் கொண்டுவந்து திருப்ப வேண்டும். நடுவில் ஒரு மணி வேண்டும் என்கிற சமச்சீர் வடிவங்களுக்கு அது தேவைதான். முதல் முயற்சிக்குத் தேவையில்லை. வரிசையை எண்ணும்போதும் ஓர் ஓரத்தை மட்டும் எண்ணி, "இருபதுதான் வந்திருக்கிறது" என்று கூடுதலாகத் தைத்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு ஓரத்து மணிகளையும் சேர்த்து எண்ணினால்தான் மொத்த வரிசை.

இழுவை

தளர்ந்தால் நூல் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்தில் பலர் எதிர்த்திசைக்குப் போய்விடுகிறார்கள். இறுக்கி இறுக்கி இழுத்துத் தைத்த பட்டை மணிக்கட்டில் வளையாமல் அட்டை போல விறைத்து நிற்கும். கடைசியில் கொக்கியை மாட்டும்போது, ஏற்கெனவே நூல் நிறைந்த ஓர மணிக்குள் ஊசியை வலிந்து தள்ள, மணி இரண்டாகப் பிளக்கும். உடைந்தது அந்த ஒரு மணிதான் என்று நினைப்போம், காரணம் மொத்த இழுவையில் இருக்கும்.

வேண்டியது இறுக்கம் அல்ல, ஒரே சீரான இழுவை. ஒவ்வொரு மணியும் உட்கார்ந்ததும் ஒருமுறை இழுத்து, நூலை இடதுகைச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் அடுத்த மணி வரும்வரை அது நழுவாது. இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் மாற்றிப் பிடித்துக்கொள்ளலாம். இழுக்கும் திசை முக்கியம். துளை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே நேர்கோட்டில் இழுங்கள். குறுக்காக, பக்கவாட்டில் இழுத்தால் துளையின் விளிம்பு நூலைச் சிராய்க்கிறது. ஊசியைப் பிடித்து இழுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். ஊசிக்காதில் ஒரே இடம் தேய்ந்து அறும். நூலைப் பிடித்து இழுங்கள், அவ்வப்போது ஊசியைச் சற்று நகர்த்திக்கொள்ளுங்கள். நைலான் நூலுக்கு லேசாகத் தேன்மெழுகு பூசினால் முந்தைய தையல் தளராமல் பிடித்துநிற்கும். கட்டி கட்டியாகப் பூசினால் துளைதான் அடையும்.

மற்றத் தையல்களில்

மணிகளைச் சதுரம் சதுரமாகக் கோக்கும் ரைட் ஆங்கிள் வீவில், முதல் வரிசையின் முதல் சதுரத்துக்கு நான்கு மணி, அடுத்தடுத்த சதுரத்துக்கு மூன்று மூன்று. ஒரு சதுரத்தில் நூல் வலஞ்சுழியாகப் போனால் அடுத்ததில் இடஞ்சுழியாகப் போகும். இதை மறந்து ஒரே திசையில் சுற்ற முயன்றால், நூல் ஒரு சதுரத்திலிருந்து இன்னொன்றுக்கு மூலை வழியாகக் குறுக்கே பாயும். நான்கு மணிகள் சந்திக்கும் இடத்தில் குறுக்காக ஒரு நூல் தெரிந்தால் அங்கே திசை தப்பியிருக்கிறது, அதுவரை பிரித்துவிடுங்கள்.

மணிகள் செங்கல் சுவர் போல அமையும் பிரிக் தையலில் ஊசி முந்தைய வரிசை மணிக்குள் போவதில்லை. இரண்டு மணிகளுக்கு இடையே மேலே பாலமாக நிற்கும் நூலுக்கு அடியில் போய், இப்போது சேர்த்த மணிக்குள் மறுபடி மேலேறும். பாலத்துக்கு அடியில் போகாமல் அந்த நூலையே குத்திக் கிழிப்பது வழக்கமான தவறு. பிறகு பிரிக்க வேண்டி வந்தால் அந்த இடத்தில் நூல் சிக்கி நின்றுவிடும். வரிசையின் முதல் தையலை ஒரு மணியோடு தொடங்கினால் ஓரத்தில் நூல் வெளியே தெரியும், மணியும் சாய்ந்து நிற்கும். இரண்டு மணிகளோடு தொடங்கினால் இரண்டும் சரியாகும்.

இரட்டைப்படை எண்ணிக்கையில் பியோட்டைக் குழாய் வடிவத்தில் தைக்கும்போது ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மேல்வரிசைக்கு ஏறவேண்டும். அந்தச் சுற்றில் முதலில் சேர்த்த மணிக்குள்ளும் ஊசியை விட்டால்தான் அடுத்த சுற்று தொடங்கும். இந்த ஏறும் இடம் சுற்றுக்கு ஒரு மணி நகர்ந்துகொண்டே போகும். அது தெரியாமல் பழைய இடத்திலேயே தேடினால் குழாயில் ஓட்டை விழும்.

ஒரு மணி கூடிப்போனால்

நெடுந்தூரம் தைத்த பிறகு எங்கோ இரண்டு மணி சேர்ந்து விழுந்திருப்பது தெரிந்தால் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை, கூடுதல் மணியை உடைத்துவிடலாம். ஆனால் குறட்டால் வெளியிலிருந்து நசுக்காதீர்கள். சில்லு உள்நோக்கிப் பாய்ந்து நூலை வெட்டும். சற்றுத் தடித்த ஊசியைத் துளைக்குள் நுழைத்து அழுத்தினால் மணி வெளிநோக்கிப் பிளக்கும். கண்ணாடித் தூள் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம், விரலால் மூடிக்கொண்டு செய்யுங்கள். மணி போன இடத்தில் நூல் அந்த அளவுக்குத் தளர்ந்திருக்கும், பக்கத்து மணிகளைத் தள்ளிச் சரிசெய்யலாம். மணி குறைந்துபோனால் இந்த வழி உதவாது, பிரிக்கத்தான் வேண்டும். பிரிக்கும்போது ஊசியை வந்த வழியே பின்னோக்கிக் குத்திக்கொண்டு போகாதீர்கள். ஊசியைக் கழற்றிவிட்டு நூலை மட்டும் இழுங்கள்.

நூலும் கொக்கியும் முடியும் இடம்

நூல் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் குறையும்போதே புதிய நூலைச் சேர்த்துவிட வேண்டும். நான்கு விரல் அளவு வரும்வரை தைத்துவிட்டால் நுனியை மறைக்கவே இடமிருக்காது. நுனியை ஒரே நேர்கோட்டில் ஓட்டி நறுக்குவதும் ஆபத்து, வெளியே வந்துவிடும். தையல் போன பாதையிலேயே நூலை ஓட்டி, இரண்டு மூன்று இடத்தில் திசை திருப்பி, நடுவில் ஒன்றிரண்டு அரைமுடிச்சுப் போட்டு அதன்பின் சில மணி தாண்டி நறுக்குங்கள். முடிச்சு துளைக்குள் போய் உட்காரும் மணி, பிறகு நூல் மறுபடி போகவேண்டிய மணியாக இருக்கக் கூடாது. ஓர மணிகளில் முடிச்சே வேண்டாம், கொக்கிக்கு அந்தத் துளைகள் தேவைப்படும்.

நகையின் நீளத்தை அளக்கும்போது கொக்கியின் நீளத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். பட்டையை மணிக்கட்டின் அளவுக்கே தைத்துவிட்டு, கொக்கி சேர்ந்ததும் தொங்குகிறதே என்று விழிப்பவர்கள் நிறைய. கொக்கியை இணைக்கும் கம்பி வளையத்தில் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முடியளவு இடைவெளி இருந்தாலும் நூல் அதன் வழியே நழுவும், அல்லது அதன் முனையில் அறும். வாய் பற்றவைத்து மூடிய வளையமே நூலுக்கு ஏற்றது. அதையும் பட்டையின் ஓரத்தோடு நேராக ஒட்டித் தைக்காமல், ஐந்தாறு பாசிமணிகளைக் கோத்து ஒரு சிறு கண்ணியாக்கி, அதில் மாட்டி, துளை இடம் கொடுக்கும்வரை இரண்டு மூன்று முறை நூலை ஓட்டுங்கள். இந்தக் கண்ணிக்கு மட்டும் தனியாக ஒரு நூலைப் பயன்படுத்தினால், சில வருடம் கழித்துக் கொக்கி தேய்ந்தோ கறுத்தோ போனாலும், அந்த நூலை மட்டும் நறுக்கி எடுத்துப் புதியதை மாட்டிவிடலாம், பட்டையில் ஒரு தையலைக்கூடத் தொட வேண்டியிருக்காது.