ஒரே பட்டுச் சேலை: தீபாவளி முதல் பொங்கல் வரை

தீபாவளி, ஐப்பசி கார்த்திகைக் கல்யாணங்கள், பொங்கல் எல்லாவற்றுக்கும் ஒரே சேலை கைகொடுக்க வேண்டுமா? முதலில் பார்டரைப் பாருங்கள். இரண்டு முதல் நான்கு அங்குலம் போதும். எட்டு அங்குலப் பார்டர் முகூர்த்தத்துக்கு அழகுதான், ஆனால் வீட்டுப் பூஜைக்கு அதிகப்படி. சேலையின் உடல் பகுதியில் புட்டா (சிறு பூவேலை) நெருக்கமாக வேண்டாம்.

நிறத்துக்கு மயில்கழுத்து நல்ல தேர்வு. பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) வேறு நிறம் என்பதால் பகலில் ஒரு சாயல், விளக்கில் இன்னொன்று. கடை வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

சில்க் மார்க் முத்திரை பட்டுக்கு மட்டுமே உத்தரவாதம், ஜரிகைக்கு அல்ல. சந்தேகம் வந்தால் பாவிலும் ஊடையிலும் ஒவ்வொரு நூல் உருவிக் கொளுத்துங்கள். முடி கருகிய வாடை வந்து, சாம்பல் தொட்டதும் பொடிந்தால் பட்டு. உருகி மணியாக இறுகினால் பாலியஸ்டர். ஒரு நூலை மட்டும் பார்த்தால் கலப்பு தெரியாது.

சேலையை மாற்றிக் காட்டுவது ரவிக்கைதான். கூடவே வரும் 80 செ.மீ. துணியில் ஒன்று, அது பூஜைக்கு. வரவேற்புக்கு முழங்கை நீள ரா சில்க், பொங்கலுக்குக் கலம்காரி காட்டன். பார்டர் நிறத்துக்கே ரவிக்கை எடுத்தால் அரைச் சாயல் மாறினாலும் உறுத்தும். தெளிவாக வேறு நிறமாகவே எடுங்கள். பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்தையல் விடச் சொல்லுங்கள்.

சென்ட்டைச் சேலை கட்டும் முன்பே அடித்து உலரவிடுங்கள். மேலே பட்டால் ஜரிகை கறுக்கும்.