பிள்ளைகளுக்கான தமிழ்த் தட்டச்சுச் செயலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்தில் வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கணினி கற்றுக்கொடுத்து வருகிறோம். பிள்ளை எந்நேரமும் இணைய விளையாட்டில் மூழ்கிக் கிடக்கிறான், அவனை வேறு எதன் பக்கமாவது திருப்ப முடியுமா என்று பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்பதுண்டு. அந்தக் கேள்வியிலிருந்துதான் தமிழ்த் தட்டச்சுப் பயிற்சிச் செயலி ஒன்றை உருவாக்கும் எண்ணம் பிறந்தது. இதே முயற்சியில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களும் நிரலாளர்களும் நாங்கள் இடறிய இடங்களில் இடறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விளையாட்டிலிருந்து பிள்ளையை மீட்பதற்காக அந்த விளையாட்டின் தூண்டிலையே கடன் வாங்குவது. பிள்ளையைக் கட்டிப்போடும் விளையாட்டுகளில் பரிசு எப்போது கிடைக்கும் என்று தெரியாது; பெட்டியைத் திறந்தால் அரிய பொருளும் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகச் செய்யும் செயலை உயிர்கள் எளிதில் கைவிடுவதில்லை என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டிலேயே புறாக்களை வைத்து ஆராய்ந்து காட்டினார். காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டமாகக் கருதி 2018ஆம் ஆண்டில் பெல்ஜியம் தடுத்தது. இவற்றோடு, ஒரு நாள் வராவிட்டால் அறுந்துபோகும் தினசரித் தொடரும், பாதியில் எழுந்தால் தோழர்கள் தோற்றுப்போவார்கள் என்ற குழு ஆட்டமும், முடிவே இல்லாத நிலைகளும் சேர்ந்துகொள்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்று 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. கட்டுப்பாட்டை இழத்தல், மற்றவற்றை எல்லாம் விட விளையாட்டை முன்வைத்தல், தீங்கு தெரிந்தும் தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். நிறைய விளையாடும் பிள்ளைகள் அனைவருக்கும் இந்த நோய் இருப்பதாகப் பெற்றோர் அஞ்சத் தேவையில்லை. ஆனாலும் அந்த அடையாளங்களை வளர்க்கும் உத்திகளை ஒரு பயிற்சிச் செயலியில் தெரிந்தே வைப்பது சரியல்ல.

எங்கள் முதல் பதிப்பில் தினசரித் தொடரும் நட்சத்திரங்களும் தரவரிசைப் பட்டியலும் இருந்தன. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி காய்ச்சலில் நான்கு நாள் வராமல், திரும்பி வந்தபோது தன் தொடர் பூஜ்யமாகி இருப்பதைக் கண்டு, அதன் பிறகு செயலியைத் திறக்கவே இல்லை. இன்னொரு மாணவன் ‘அ’ விசையை மட்டும் விடாமல் தட்டி நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நாங்கள் எதற்குப் பரிசு வைத்தோமோ அதைத்தான் அவன் செய்தான். இப்போது ஒரு பாடம் பத்து நிமிடத்தில் முடிகிறது. முடிந்ததும் திரையில் ‘இன்றைய பாடம் நிறைவு’ என்று மட்டும் வரும். அடுத்த பாடம் மறுநாள்தான் திறக்கும்.

பரிசுகளில் காட்டிய அக்கறையைத் தமிழ் எழுத்தின் இயல்பில் காட்டாதது இரண்டாவது தவறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது, பிள்ளையின் விரலுக்குத்தான் தெரியும். சென்னையில் 1999ஆம் ஆண்டில் நடந்த தமிழ்நெட் என்ற தமிழ்க் கணினி மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருக்கின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும், முதல் எழுத்தின்மேல் புள்ளி தானாகவே விழும். ஆகவே ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ என்ற நான்கு தட்டுகள் போதும். இப்போது செயலி திரையில் உள்ளதை எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை ‘ந’ தட்டியதும் திரையில் ‘பந’ என்று இருக்கும். அங்கே ‘ந்’ வர வேண்டும் என்று செயலி சிவப்புக் காட்டும். அடுத்து ‘த’ தட்டியதும் ‘து’ எங்கே என்று மறுபடியும் சிவப்புக் காட்டும். முழுக்கச் சரியாகத் தட்டிய பிள்ளைக்கு ஒரு சொல்லில் இரண்டு பிழைகள்! “ஐயா, நான் சரியாத்தான் அடிச்சேன்” என்று ஒரு மாணவன் கண் கலங்கிச் சொன்ன பிறகுதான் நாங்கள் நிரலைத் திரும்பிப் பார்த்தோம்.

இதற்குத் தீர்வு, சொல்லை முன்கூட்டியே விசை வரிசையாக மாற்றி வைத்து, தட்டப்படும் விசைகளை அதனோடு ஒப்பிடுவதே ஆகும். புள்ளி விசையைத் தானே தட்டி ‘ந்’ உருவாக்கும் பிள்ளையும் தவறு செய்யவில்லை என்பதால், ஒரு சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை ஏற்க வேண்டும். ‘பப்பாளி’ போன்ற சொற்களில் முதல் இரண்டு பகரங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் ‘அ’ தட்ட வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்காமல் அந்தச் சொல்லைத் திரையில் காட்டக் கூடாது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) ‘கொ’ என்பதன் துணைக்குறி ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டையும் கணினி வேறு வேறாகக் கருதும் என்பதால், ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது கட்டாயம். பழைய தட்டச்சுப் பொறியில் பழகிய தாத்தாக்கள் ஒற்றைக் கொம்பை முதலில் தட்டச் சொல்லிக்கொடுப்பார்கள். அது அந்தப் பொறிக்குச் சரி. கணினியில் மெய்தான் முதலில் வர வேண்டும் என்பதைப் பிள்ளைக்கும் தாத்தாவுக்கும் சேர்த்தே விளக்கலாம்.

வேகத்தை ஆங்கில அளவுகோலால் அளப்பதும் பிழையே. ஐந்து தட்டுகளை ஒரு சொல்லாகக் கொண்டு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று கணக்கிடும் முறை ஆங்கிலத்துக்கு உரியது. தமிழில் ‘வா’ ஒரு சொல், பதினைந்து எழுத்துள்ள ‘படித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்பதும் ஒரு சொல். விசைப்பலகைக்கு ஏற்பத் தட்டுகளும் மாறும்: ‘தம்பி’ தமிழ்99 முறையில் நான்கு தட்டு, மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் ரோமன் எழுத்து முறையில் ஆறு தட்டு. எனவே சரியாக முடித்த எழுத்துகளை எண்ணி, பிள்ளையின் நேற்றைய கணக்கோடு மட்டும் ஒப்பிடுகிறோம். அஞ்சல் முறை தாழ்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. மலாயும் ஆங்கிலமும் ஏற்கெனவே தட்டத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அதுவே எளிய நுழைவாயில். ஆனால் ஒரே பாடத்தில் இரண்டையும் கலந்தால் விரல் குழம்பிவிடும்.

பாடச் சொற்களை அகராதியிலிருந்து அள்ளிப் போடவும் கூடாது. தமிழ்99 நடுவரிசையில் மட்டும் விரல் வைத்துத் தம்பி, தும்பி, பந்து, பத்து, முத்து, கம்பு ஆகியவற்றைத் தட்டிவிடலாம். முதல் வாரத்துக்கு இவையே போதும். கைத்தொலைபேசியில் இரு கட்டை விரல்களால் தட்டுவது வேறு திறன் என்பதால், பத்து விரல் பயிற்சிக்கு உண்மையான விசைப்பலகை வேண்டும்.

இலவசச் செயலிக்குச் செலவை ஈடுகட்ட விளம்பரம் வைத்தால், எந்த விளையாட்டுகளிலிருந்து பிள்ளையைத் திருப்ப நினைத்தோமோ அவற்றின் விளம்பரங்களே பாடத்தின் நடுவில் வந்து நிற்கக்கூடும். பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, பிறந்த நாள் எதுவும் எங்கள் செயலிக்குத் தேவைப்படவில்லை. ஒரு புனைபெயர் போதுமானதாக இருக்கிறது.

வீட்டில் நேரும் தவறு ஒன்றும் உண்டு. இருபது நிமிடம் தட்டினால் ஒரு மணி நேரம் விளையாடலாம் என்று பேரம் பேசும் பெற்றோர், தட்டச்சைத் தண்டனையாகவும் விளையாட்டைப் பரிசாகவும் ஆக்கிவிடுகிறார்கள். எங்கள் வகுப்பில், காய்ச்சலில் தொடரை இழந்த அந்த மாணவிக்கு நாங்கள் கொடுத்தது வேறு வேலை. பட்டர்வொர்த்தில் இருக்கும் தன் பாட்டிக்கு வாரம் ஒரு கடிதம், ஐந்தே வரி, அவளே தட்ட வேண்டும். அம்மா அதை அச்சடித்து அனுப்புகிறார். சென்ற வாரம் ஆறாவது வரி ஒன்றும் இருந்தது.