நெல்லைப் பக்கம் பழைய இன்னோவா வாங்குவதும் வைத்து ஓட்டுவதும்

இன்னோவா ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் அப்படி ஓடிய வண்டிகளை எடுத்துப் பார்த்தால், எஞ்சின் வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றி, ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றாமல், டீசல் ஃபில்டரில் கஞ்சத்தனம் பண்ணாமல் வைத்திருப்பார்கள். டொயோட்டா என்ற பெயரை மட்டும் நம்பி ரொக்கத்தைக் கொடுப்பவர்கள்தான் வாங்கின ஆறு மாதத்தில் எஞ்சினை இறக்கி வேலை பார்க்கிறார்கள். 2005 முதல் 2016 வரை வந்த பழைய டீசல் இன்னோவாவை வாங்க நினைக்கும் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கான குறிப்பு இது.

எந்த வருஷ வண்டியில் எந்த எஞ்சின்

நெசவுத்தறி செய்துவந்த குடும்பத்தில் பிறந்த கீச்சிரோ டொயோடா ஜப்பானில் ஆரம்பித்த மோட்டார் பிரிவு 1937ல் தனிக் கம்பெனி ஆனது. கிர்லோஸ்கர் குழுமத்துடன் கூட்டு சேர்ந்து இந்தியாவுக்கு வந்தது 1997ல். தொழிற்சாலை பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில். அங்கிருந்து 2000 ஜனவரியில் குவாலிஸ் வந்தது. இந்தோனேசியாவில் 1977 முதல் ஓடிய கிஜாங் வண்டியின் வழி வந்தது அது. தனி சேஸிஸ் மேல் பாடி, பின் சக்கர இழுவை, பின்னால் லீஃப் ஸ்பிரிங், 2446 சிசி டர்போ இல்லாத டீசல், 75 குதிரைசக்தி. 2005ல் குவாலிஸை நிறுத்திவிட்டு இன்னோவாவை இறக்கினார்கள். சேஸிஸும் பின் சக்கர இழுவையும் அப்படியே இருந்தன. லீஃப் போய் காயில் ஸ்பிரிங் வந்தது. எஞ்சின் 2494 சிசி காமன் ரெயில் டர்போ டீசல், 102 குதிரைசக்தி. ஒர்க்‌ஷாப்பில் இதை 2கேடி என்பார்கள்.

வாங்குகிறவர் மனதில் வைக்க வேண்டிய வித்தியாசம் இதுதான்: குவாலிஸ் டீசலிலும் 2கேடி இன்னோவாவிலும் டைமிங் பெல்ட். பெட்ரோல் இன்னோவாவிலும், 2016 மே மாதம் வந்த புது இன்னோவாவான கிரிஸ்டா டீசலிலும் டைமிங் செயின். பெல்ட் அறுந்தால் வால்வும் ராக்கரும் போய்விடும், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். குவாலிஸை இன்று வாங்குவதில் பெரிய லாபம் இல்லை. ஏசி போட்டு மலை ஏற்றினால் சூடாகும், சூடானால் ஹெட்டில் விரிசல் விழும், நல்ல ஹெட் தேடி அலைய வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18ல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை தொடங்கி ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை தெருவில் நின்ற வண்டிகள் தாமிரபரணித் தண்ணீரில் முங்கின. அவற்றில் பல கழுவித் துடைத்து, புது சீட் கவர் மாட்டி, மறுபடி சந்தைக்கு வந்துவிட்டன. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்த் திரும்பி வந்தவையும் உண்டு. ஆகவே ஆர்சியில் எந்த ஊர் இருந்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

சீட் பெல்ட் எல்லாவற்றையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். பெல்ட் சுருளின் அடி மடிப்பில் படிந்த வண்டல் கோட்டை யாரும் துவைப்பதில்லை. முன் சீட்டைப் பின்னால் தள்ளி ரெயிலின் போல்ட்டைப் பாருங்கள். மேலே சுத்தமாக இருந்து போல்ட் தலை மட்டும் துருப்பிடித்திருந்தால் உள்ளே தண்ணீர் நின்றிருக்கிறது. கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை விரலால் அமுக்கி மோந்து பாருங்கள். கிளவ் பாக்ஸைக் கழற்றினால் எஞ்சின் கம்ப்யூட்டர் தெரியும். அதன் பிளக்கில் பச்சைப் பூஞ்சணம் போலக் களிம்பு இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

ஒரு சுலபமான வழியும் இருக்கிறது. 2024ல் போட்ட இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள். அதற்கு முந்தைய வருஷம் நோ கிளெய்ம் போனஸ் இருந்து 2024ல் பூஜ்யமாகியிருந்தால், இடையில் கிளெய்ம் வாங்கியிருக்கலாம். ஏன் பூஜ்யமானது என்று தாளோடு விளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பின் ஹவுசிங், அதாவது பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் கூடு. ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். பால் ஊற்றின காபி நிறத்தில் வந்தால், மேலே இருக்கும் காற்றுத் துவாரம் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆயிலை மட்டும் உடனே மாற்றியிருந்தால் தப்பியிருக்கும். அப்படியே ஓட்டியிருந்தால் கிரவுனும் பேரிங்கும் சத்தம் போட ஆரம்பித்திருக்கும்.

ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது

காலையில் போங்கள். “வர்றதுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணாச்சி” என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம், ஏனென்றால் ஆறிக் கிடக்கும் எஞ்சின்தான் உண்மையைக் காட்டும்.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷர் விளக்கு உடனே அணைய வேண்டும். சில நொடி தாமதித்தால் மேலே பேசாமல் ஆயில் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். 2கேடி எஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியில் செம்பு வாஷர் இருக்கிறது. அது இளகினால் எரிந்த புகை மேலே ஏறி, ராக்கர் கவருக்குள் ஆயிலோடு சேர்ந்து கருந்தாராகக் கெட்டியாகும். அந்தத் தார்தான் கீழே இறங்கி, எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் ஆயிலை உறிஞ்சும் ஸ்டிரெய்னர் வலையை அடைக்கும். ஆயில் ஏறாமல் பேரிங் போகும், டர்போவும் போகும். மூடிக்கு அடியில் கட்டிக் கரி இருந்தால் சம்ப்பை இறக்கி ஸ்டிரெய்னரைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. நீங்கள் வைத்திருக்கும் வண்டியில் இன்ஜெக்டரை எந்த வேலைக்காகக் கழற்றினாலும் பழைய வாஷரைத் திரும்பப் போட விடாதீர்கள். நாலுக்கும் புதுசு போட வேண்டும்.

அப்படியே ஓட விட்டு, ஆயில் மூடியைத் திருகாமல் துவாரத்தின் மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் சரி. துள்ளிக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும், முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும் முன் எஞ்சின் ஆறியிருக்கும்போதே திறந்து வைத்து, ஸ்டார்ட் ஆனதும் அஞ்சு நிமிஷம் பாருங்கள். நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகம். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தொடவே வேண்டாம்.

பிறகு ஓட்டிப் பார்ப்பது. ஊருக்குள் ஒரு சுற்று போதாது. நாங்குநேரி பக்கம் நாலு வழிச் சாலையில் 80, 90ல் போய், ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் அழுத்துங்கள். ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விடும்போது பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் ஹவுசிங். கியர் மாற்றி கிளட்ச் விடும் நொடியில் அடியில் ‘டக்’ என்று தட்டினால், பின் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட். முன் சக்கரம் ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது கொட்டினால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராடு. இவை தேயும் சாமான்கள்தான், விலையில் குறைத்துக்கொண்டு மாற்றலாம். எஞ்சினும் சேஸிஸும்தான் பேரத்துக்கு அப்பாற்பட்டவை.

சேஸிஸ்: கடற்கரை வண்டியா?

திருச்செந்தூர், உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் நின்ற வண்டியென்றால் படுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சிறு சுத்தியலால் சேஸிஸின் இரு நீளக் கட்டையையும், குறிப்பாகப் பின் சக்கரத்துக்கு மேலே வளையும் இடத்தையும், ஸ்பிரிங் உட்காரும் இடத்தையும் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் துரு தின்றிருக்கிறது. மேலே மினுமினுப்பாகப் புதுக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் ஓங்கித் தட்டுங்கள். பின் ஏசிக்கு அடியில் ஓடும் குழாய்களையும் பாருங்கள். உப்புக் காற்றில் ஜாயிண்டில் கசிந்து, பின் சீட்டில் குளிர் வராமல் போகும்.

வைத்து ஓட்டுகிறவர்கள், கடற்கரை போய்த் திரும்பியதும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவ வேண்டும். கடலோரப் போர்த் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவின கதைதான்.

டைமிங் பெல்ட்

“அண்ணாச்சி, டைமிங் பெல்ட் எப்பம் மாத்துனிய? பில் இருக்கா?” இந்தக் கேள்விக்கு பில் வராவிட்டால், பெல்ட் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். மீட்டரில் டி-பெல்ட் விளக்கு எரியவில்லையே என்பார்கள். அந்த விளக்கு கிலோமீட்டரை மட்டும் எண்ணுகிறது, பெல்ட்டைப் பார்ப்பதில்லை. பெல்ட் மாற்றாமலே அதை ரீசெட் செய்துவிட முடியும். டாக்ஸியாக ஓடி வெள்ளை போர்டுக்கு மாறின வண்டிகளில் ஓடோமீட்டரையே நம்ப முடியாது.

பில் இல்லாத வண்டியை வாங்கினால் முதல் வேலை இதுதான். பெல்ட், ஐட்லர் பேரிங், ஹைட்ராலிக் டென்ஷனர் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். பெல்ட் மட்டும் புதுசாக்கி டென்ஷனரைப் பழசாக விட்டால், ஆயில் கசிந்த டென்ஷனர் இழுவையைத் தளர்த்தி, புது பெல்ட் பல் தாண்டிவிடும். டப்ளிகேட் பெல்ட் நிறையப் புழங்குவதால் சாமானைக் கம்பெனி பார்ட்ஸ் கவுண்டரிலேயே எடுங்கள். முன்பக்கம் திறந்திருக்கும்போது கிராங்க், கேம் ஆயில் சீல்களில் கசிவு இருக்கிறதா, வாட்டர் பம்ப் ஷாஃப்ட்டில் கூலண்ட் கறை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மார்க் சேர்த்து பெல்ட் மாட்டியதும் ஸ்பேனரால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, மார்க் மறுபடி சேர்கிறதா என்று பார்த்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே சாவி போடும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மறுபடி எப்போது? வண்டிப் புத்தகத்தில் உள்ள கணக்கு கடைசி எல்லை. இந்த வெயிலில் 1,00,000 கி.மீ.யில் மாற்றுவது நல்லது. மாற்றின தேதியையும் கிலோமீட்டரையும் பெயிண்ட் பேனாவால் பெல்ட் கவர் மேலேயே எழுதி வையுங்கள்.

ஆயில், கூலண்ட், டீசல், காற்று

ஆயில் 15டபிள்யூ-40 டீசல் கிரேடு. ஃபில்டரோடு ஏறக்குறைய 7 லிட்டர் பிடிக்கும். 6 லிட்டர் ஊற்றி, ஒரு நிமிஷம் ஓட்டி நிறுத்தி, அஞ்சு நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். கோடு தாண்டி ஊற்றுவதும் கெடுதலே. ஏசி போட்டுக் காத்து நிற்கும் வண்டிக்கு 7,500 கி.மீ.யில் மாற்றினால் ஸ்டிரெய்னர் பயம் குறையும். நீள ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு அணைத்தால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகாது.

கூலண்ட் என்றால் கூலண்ட்தான். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலண்டோடு கடையில் கிடைக்கும் பச்சையைக் கலக்காதீர்கள். ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்துக் கடினத் தண்ணீர் நாலு தடவை உள்ளே போனால் ரேடியேட்டர் குழாயில் உப்புப் படியும். அது தெரியவருவது புளியரை எஸ் வளைவில், எட்டுப் பேரும் மேலே லக்கேஜும் ஏசியுமாக ஏறும்போது. சபரிமலைக்குக் கிளம்புகிறவர்கள் கார்த்திகை பிறக்குமுன்னே ரேடியேட்டர், ஃபேன் கிளட்ச், முன் பிரேக் பேட் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

ஐட்லிங்கில் ஆர்.பி.எம். ஏறி இறங்கினாலோ, சூடான பிறகு சிக்னலில் அணைந்தாலோ பம்ப் போய்விட்டது என்று பயமுறுத்துவார்கள். முதலில் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். சரியாகாவிட்டால், ஹை பிரஷர் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு. அதை மட்டும் தனியாக மாற்றலாம். மாற்றியபின் ஸ்கேனர் போட்டுப் பம்ப்பைப் புது வால்வுக்குப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கோளாறு அப்படியே இருப்பதாகத் தோன்றும். ஃபில்டர் விளக்கு எரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது: கீழே டப்பா வைத்து, அடித்திருகைக் கையால் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்பை அமுக்குங்கள். சுத்த டீசல் வந்ததும் திருகைக் கையாலேயே இறுக்குங்கள். குறடு போட்டால் பிளாஸ்டிக் உடையும். பிறகு கைப்பம்பு கெட்டியாகும் வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.

உடன்குடி, திசையன்விளை தேரிப் பக்கம் ஓடுகிறவர்கள் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஏர் ஃபில்டரைக் கழற்றி, சுத்தமான பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் காற்று அடியுங்கள். எதிர்ப்பக்கம் அடித்தால் செம்மண் தூள் காகிதத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 20,000 கி.மீ.க்கு மேல் அதை வைத்திருக்க வேண்டாம்.

மழையில் பாலத்தடியில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டரில் ஏறின தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளி வெளியே எடுத்து, கட்டி இழுத்துப் போங்கள்.

பேப்பர்

அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ், சலான் பாருங்கள். ஃபைனான்ஸ் இருந்தால் கடன் கொடுத்தவரின் என்ஓசி என்ற தடையின்மைச் சான்றும், ஆர்சியில் கடனை நீக்கும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. தமிழ்நாட்டு வண்டி என்றால் 14 நாளுக்குள் போட வேண்டும். கேரள வண்டி மலிவாகத் தெரியும். வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்ற படிவம் 28, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இந்தப் பழைய வண்டிகளில் பல 15 வருஷம் தாண்டியவை. சொந்த போர்டு வண்டிக்கு அதன்பின் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. புதுப்பித்த தேதி ஆர்சியில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அந்தச் செலவை விற்பவர் தலையில் வையுங்கள். மஞ்சள் போர்டாக இருந்து மாறின வண்டி என்றால், மாற்றின உத்தரவின் நகலையும் வாங்கிக்கொண்டே முன்பணம் கொடுங்கள்.