பழைய காரின் முன் சஸ்பென்ஷனைப் பிரித்து மாட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். காரும் ஆளும் மாறினாலும் தவறு மட்டும் மாறுவதே இல்லை. வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது, பிரிப்பதற்கு முன் படம் எடுத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஆர்மைச் (சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை) சுரண்டி, பெயின்ட் அடித்து, நல்ல புஷ்ஷாகத் (ஆர்மின் மூட்டில் உட்காரும் உருளை) தேடி வாங்கி, எல்லாம் பொறுமையாகச் செய்தவர்கள் கடைசியில் இந்த ஒரு இடத்தில் அவசரப்பட்டு மொத்தத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ரப்பர் புஷ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே அதைவிடச் சின்னக் குழாய், நடுவில் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் ரப்பர். உள்குழாய் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் அந்த நீட்டல் பிராக்கெட்டுக்கு நடுவில் கவ்விக்கொள்ளும், அப்புறம் அது சுழலவே சுழலாது. சக்கரம் ஏறி இறங்கும்போது நடப்பதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதும் திரும்ப நேராவதும்தான்.

அப்படியென்றால் போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறீர்களோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. ஸ்டாண்டின் மேல் கார் நிற்கிறது, ஆர்ம் முழுக்கக் கீழே தொங்குகிறது, அந்த நேரத்தில் இறுக்கிவிட்டால் காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது, கார் சும்மா நிற்கும்போதுகூட அதற்கு ஓய்வு கிடையாது. அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளமும் மேடும் இன்னும் முறுக்க, ஒருநாள் கிழிந்துவிடும்.

ஒரு தம்பி இப்படித்தான் மாட்டினார். இறக்கிப் பார்த்தால் காரின் மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. முறுக்கிய ரப்பர் கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து ஆர்மைக் கீழே தள்ளும், அதனால்தான் மூக்கு தூக்கும். யாரோ புது ஸ்பிரிங்தான் நீளம் என்று சொல்ல, அதைக் கழற்றி வெட்டி மாட்டி அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டார். சில மாதத்தில் புஷ் கிழிந்தது, மூக்கு டயரில் உரசும் அளவுக்கு இறங்கியது. நான் ஆர்மைக் கழற்றியபோது உள்குழாயைச் சுற்றி ரப்பர் பிறை வடிவத்தில் பிய்ந்திருந்தது, விரலால் தொட்டால் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. புஷ், ஸ்பிரிங், அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் அவர் மறுபடி செலவு செய்தார்.

பிரிப்பதற்கு முன்பே சமதரையில் காரை நிறுத்தி, ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். (பழைய ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் அந்த அளவை நம்பாதீர்கள், மேனுவலில் உள்ள அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.) மாட்டும்போது ஆர்ம் தாராளமாக அசையும்படி நட்டைத் தளர்வாக மாட்டி மட்டும் வையுங்கள். சக்கரம் மாட்டி இறக்கி, காரை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டுங்கள், ஏனென்றால் இறக்கிய உடனே டயர் தரையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு காரை உயரத்திலேயே நிறுத்திவைக்கும். மூக்கை நாலு தடவை அமுக்கி ஆட்டுங்கள். அளவு சரியாக வந்ததும், எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதே டார்க் ரெஞ்சால் (குறித்த விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள். கை நுழையவில்லை என்றால் நாலு சக்கரத்தையும் உறுதியான ரேம்ப் மேல் ஏற்றிக்கொள்ளலாம்.

எஞ்சின் இன்னும் ஏறவில்லையா? அப்படியானால் கடைசி இறுக்கு வேண்டாம், எடை இல்லாமல் அளவு வராது. "புஷ் போல்ட் இறுக்கவில்லை" என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள்.

பாலியூரித்தேன் புஷ் பெரும்பாலும் உள்குழாயின் மேல் சுழலும், அதனால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கென்று வரும் கிரீஸைப் போடுங்கள். சாதாரண கிரீஸை ரப்பர் புஷ் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.

புஷ்ஷின் உள்குழாயை அழுத்தி ஏற்றுவது

வெளிக்குழாயை மட்டும் அழுத்துங்கள்.

ஷிம்களை ஒரே டப்பாவில் போடுவது

ஷிம் என்பது போல்ட்டுக்கு அருகே இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு. ஒன்றாகப் போடாதீர்கள். இடது, வலது, முன், பின் என்று தனித்தனியாகக் கட்டி வையுங்கள். கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம்) காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) அதில்தான் இருக்கின்றன.

கீழ் ஆர்முக்கு முட்டுக் கொடுக்காமல் பால் ஜாயின்ட்டைக் கழற்றுவது

பால் ஜாயின்ட் (ஆர்மின் நுனியில் உள்ள பந்து மூட்டு) விட்டதும் ஆர்ம் சட்டென்று கீழே போகும், அமுங்கிய காயில் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். ஆர்முக்குக் கீழே ஜாக்கி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கச் சரியான கம்ப்ரஸர், இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள். நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டு வைத்து, ஜாயின்ட்டின் கூம்புத் தண்டு (டேப்பர்) உட்கார்ந்திருக்கும் துளையின் பக்கவாட்டில் சுத்தியலால் பலமாகத் தட்டினால் விட்டுக்கொடுக்கும். ஜாயின்ட்டைப் பிரிக்கும் முட்கரண்டி வடிவக் கருவியை அடித்து இறக்கினால் ரப்பர் மூடி கிழியும், ஜாயின்ட்டைத் திரும்பப் பயன்படுத்த நினைத்தால் அது வேண்டாம்.

டிரன்னியனில் கிரீஸ் அடைப்பது

டிரயம்ஃப் ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் கார் வைத்திருப்பவர்களுக்கு இது. கீழ் டிரன்னியனுக்கு (சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு மரையால் திருகி உட்காரும் மூட்டு) ஈ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் மரை முழுக்கப் போய்ச் சேராது, நாளாக ஆக இறுகும், தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். அப்புறம் செங்குத்துத் தண்டு மரையிலேயே ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். ஓடும் காரில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வீல் பேரிங்கை இறுக்கி விடுவது

டேப்பர் ரோலர் பேரிங் என்றால் ஹப்பைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, மேனுவல் சொல்லும் மெல்லிய ஆட்டத்தை விட வேண்டும். சக்கரம் ஆடவே கூடாது என்று நினைத்து இறுக்கினால் சூடேறிக் கெட்டுப்போகும்.

பழைய நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது), பழைய காட்டர் பின் (நட் கழலாமல் பூட்டும் கம்பி)

குப்பைக்கு.

அலைன்மென்ட்டுக்கு அவசரப்படுவது

புது ஸ்பிரிங் கொஞ்சம் ஓடிய பிறகுதான் படியும். அதுவரை டோவை (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) டேப் வைத்து ஓரளவு சரிசெய்து மெதுவாக ஓட்டுங்கள். அப்புறம் உயரத்தை மறுபடி அளந்து, எல்லா போல்ட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.