புல்தரைக்கு இயற்கை உரம்: காய்ந்த சாணத்தை எரு என்று நம்பாதீர்கள்

கோவைப் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்களில் பலர் இப்போது வாசலில் கொரியன் புல்லோ மெக்சிகன் புல்லோ பதிக்கிறார்கள். சில மாதங்களில் பச்சை வெளுத்ததும், ரசாயனம் வேண்டாம், இயற்கை உரமாகச் சொல்லுங்கள் என்று வருகிறார்கள். அதற்குள் பாதிப் பேர், ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்தை அடித்து முடித்திருப்பார்கள். உச்சி வெயிலில் தெளிக்காதீர்கள், தண்ணீர் விட மறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுவோம்.

காய்ந்த சாணத்தைக் கொட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மாட்டுப்பண்ணையிலிருந்து ஒரு டெம்போ சாணத்தூள் இறக்கினார். "நல்லாக் காஞ்ச எருங்க, வாசமே இல்லீங்க" என்றார். காய்ந்ததுதான், ஆனால் மக்கவில்லை. சாணம் மக்க ஈரம் வேண்டும். ஈரத்தோடு குவித்து வைத்தால் உள்ளே 55, 60 டிகிரி வரை சூடேறும். களை விதைகள் பெரும்பாலும் சாவது அந்தச் சூட்டில்தான். வெயிலில் பரப்பிக் காய வைத்த சாணத்தில் அந்த வேலை தொடங்கியே இருக்காது. நீங்கள் தண்ணீர் விட்டதும் உங்கள் புல்தரையில்தான் அது மக்க ஆரம்பிக்கும்.

அவர் வீட்டில் முதலில் குப்பைக்கீரையும் சாரணையும் முளைத்தன. அப்புறம் கோரை. கோரைக் கிழங்கு மாட்டின் வயிற்றிலிருந்து வருவதில்லை. தொழுவத்து மண்ணோடு சேர்த்து அள்ளும்போது வருவது. காய்கறிப் பாத்தி என்றால் கொத்திப் போட்டுவிடலாம். புல்தரையில் எப்படிக் கொத்துவது? இதற்கிடையே கோடை மழைக்குக் கிளம்பிய வண்டுகள் பாதி மக்கிய எருவைத் தேடி வந்து முட்டையிட்டன. மைனாக்கள் தரையைக் கிளற ஆரம்பித்தபோது போய் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். புல் பாய் போலச் சுருண்டு வந்தது. வேர் இல்லை. அடியில் பழுப்புத் தலையோடு, அரைவட்டமாக வளைந்து கிடந்தன வெள்ளை வேர்ப்புழுக்கள். முழுவதையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதித்தார். புல் விலை, ஆள் கூலி, புது மண் என்று எல்லாம் இரண்டாவது தடவை.

வாங்கும் முன் ஒரு கைப்பிடியை நனைத்து, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நான்கைந்து நாள் வையுங்கள். திறந்தால் மண்வாசம் வர வேண்டும். அழுகல் நாற்றமோ அமோனியா நெடியோ அடித்தால் திருப்பி அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் சலித்த மண்புழு உரத்துக்குப் போய்விடுங்கள். அதையும் கால் அங்குலத்துக்கு மேல் தூவக் கூடாது. தூவிய பிறகு புல் நுனி வெளியே தெரிய வேண்டும்.

எல்லாப் புண்ணாக்கும் ஒன்று என்று நினைப்பது

வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 5 சதவீதம், கடலைப் புண்ணாக்கில் 7 சதவீதம் வரை. வேப்பம் புண்ணாக்குப் பொடி 100 சதுர அடிக்கு ஒரு கிலோ போதும். கடலைப் புண்ணாக்கைத் தூவினால் எறும்பும் எலியும் பந்திக்கு வந்துவிடும்.

அடுப்புச் சாம்பல்

கோவையின் கரிசல் பகுதிகளில் மண்ணே காரத்தன்மை கொண்டது, பல இடங்களில் போர் தண்ணீரும் உப்பு. அங்கே இளம் புல் நரம்புக்கு நடுவே மஞ்சளாவது பெரும்பாலும் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல்தான். சாம்பல் போட்டால் அந்தக் காரத்தன்மை இன்னும் ஏறும். மண்ணைப் பரிசோதித்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். வேளாண் பல்கலைக்கழகம் ஊரிலேயே இருக்கிறது.

பஞ்சகவ்யாவைக் கெட்டியாகத் தெளிப்பது

பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. வடிகட்டித்தான்.

மாமர நிழலில் உரம்

வீண். வெயில் விழாத இடத்தில் கல் பதியுங்கள்.

மீன் அமிலம்

மீன் கழிவை வெல்லத்தோடு ஊற வைத்த கரைசல். நல்லதுதான், ஆனால் நாறும். வீட்டில் விசேஷம் உள்ள வாரத்தில் மட்டும் வேண்டாம்.