கிரிப்டோ கணக்கைத் தொடங்குவதும் பாதுகாப்பதும் எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பிட்காயின், ஈதர் முதலிய கிரிப்டோ நாணயங்களை வாங்கி வைக்க உதவும் செயலிகள் இன்று ஏறக்குறைய வங்கிச் செயலிகளைப் போலவே இருக்கின்றன. இருப்பைக் காட்டுகின்றன, வைத்திருக்கும் தொகைக்கு வட்டி தருவதாகச் சொல்கின்றன, அடமானத்தின் பேரில் கடனும் தருகின்றன. ஆனால் இந்தியாவில் ஒரு வங்கி முடங்கினால் வைப்பாளர் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு கிடைக்கும். கிரிப்டோ செயலியில் கிடக்கும் தொகைக்கு அப்படியொரு காப்பீடு கிடையாது. எனவே வங்கியிடம் நாம் கேட்காத சில கேள்விகளை இங்கே கேட்டே ஆக வேண்டும். கிரிப்டோ வாங்கலாமா, கூடாதா என்பதைப் பற்றி இக்கட்டுரை பேசவில்லை. வாங்குவதென்று முடிவெடுத்துவிட்ட ஒருவர் என்ன வரிசையில் செயல்பட வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது.

படி 1: உங்கள் தொகை யாருக்குச் சொந்தம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கிரிப்டோவை வைத்திருக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, நிறுவனம் நம் பெயரில் காத்து வைப்பது. நாணயத்தை அனுப்பத் தேவையான இரகசியக் குறியீடான தனிச்சாவி அவர்களிடம் இருந்தாலும் பொருள் நம்முடையது. இரண்டாவது, வட்டிக்காக நிறுவனத்திடம் ஒப்படைப்பது. பெயர் என்னவாக இருந்தாலும் உண்மையில் இது நாம் நிறுவனத்துக்குக் கொடுக்கும் கடன். மூன்றாவது, சாவியை நாமே வைத்துக்கொள்ளும் சொந்த வாலட், அதாவது நம் கைபேசியிலோ கருவியிலோ உள்ள கிரிப்டோ பணப்பை.

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு திரையில் தெரியாது, ஒப்பந்தத்தில்தான் தெரியும். கிரிப்டோவுக்கு வட்டி தந்துவந்த அமெரிக்காவின் செல்சியஸ் நிறுவனம் 2022 ஜூன் 12 அன்று பணம் எடுப்பதை நிறுத்தியது. ஜூலை 13 அன்று திவால் மனு தாக்கல் செய்தது. அதன் வட்டிக் கணக்குகளில் இருந்த ஏறத்தாழ 420 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ, ஒப்பந்த விதிகளின்படி நிறுவனத்துக்கே சொந்தம் என்று நீதிபதி மார்ட்டின் கிளென் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தார். சுமார் 6 லட்சம் கணக்குகளின் உரிமையாளர்கள் அந்த ஒரே நாளில் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியவர்களானார்கள். அதே நிறுவனத்தின் வட்டியில்லாத காப்புக் கணக்கில் மட்டும் வைத்திருந்த ஒரு பிரிவினருக்கோ, அவர்களுடைய நாணயங்களைத் திருப்பித் தர 2022 டிசம்பரிலேயே நீதிமன்றம் அனுமதி அளித்திருந்தது. நிறுவனமும் செயலியும் ஒன்றுதான். ஒப்பந்தத்தின் ஒரு பத்தி முடிவை மாற்றிவிட்டது.

ஆகவே பயனர் ஒப்பந்தத்தைத் திறந்து, உரிமை, கடன், அடமானம் ஆகிய சொற்கள் வரும் இடங்களைத் தேடிப் படியுங்கள். உங்கள் நாணயங்களின் உரிமை நிறுவனத்துக்கு மாறும் என்றோ, நிறுவனம் அவற்றைப் பிறருக்குக் கடன் கொடுக்கலாம் என்றோ இருந்தால், அது இரண்டாவது வகை. தொடங்குவோர் அந்த வகையைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 2: கிரிப்டோவை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சைத் தேர்ந்தெடுங்கள்

2023 மார்ச் முதல் இந்தியாவில் கிரிப்டோ சேவை நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவை எஃப்ஐயு எனப்படும் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாத நிறுவனத்தை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள். ஆனால் இப்பதிவு பணமோசடியைக் கண்காணிப்பதற்காக ஏற்பட்டது. உங்கள் தொகைக்கு அரசு தரும் உத்தரவாதம் அன்று.

அடுத்து, வாங்கிய நாணயத்தை வெளி வாலட்டுக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். சில செயலிகள் வாங்கவும் விற்கவும் மட்டுமே விடும். அத்தகைய செயலியில் நீங்கள் வைத்திருப்பது நிறுவனத்தின் கணக்கேட்டில் உள்ள ஓர் எண் மட்டுமே.

நிறுவனத்தில் திருட்டு நடந்தால் யார் நட்டத்தை ஏற்பது என்பதையும் ஒப்பந்தத்தில் தேடுங்கள். 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டபோது, திருடுபோகாத நாணயங்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. எக்ஸ்ஆர்பி நாணயம் வைத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். கிரிப்டோ ஒரு சொத்து என்றும், ஒருவருக்காக மற்றொருவர் நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கக்கூடியது என்றும் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் கூறினார். பயனருக்கு வலுவூட்டும் கருத்து இது. இருந்தாலும், திருட்டு நடந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, நீதிமன்றத்தின் வழியாக வந்த வலு என்பதையும் கவனியுங்கள்.

படி 3: கணக்கைத் தொடங்கிப் பூட்டுங்கள்

பான், அடையாள ஆவணம், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்பை முடியுங்கள். வேறொருவர் கணக்கிலிருந்து பணம் அனுப்பாதீர்கள். இதற்கென்றே ஒரு புதிய மின்னஞ்சல் முகவரியையும், வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பாமல், கைபேசியிலேயே குறியீட்டை உருவாக்கும் அத்தென்டிகேட்டர் செயலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மோசடிக்காரர்கள் உங்கள் எண்ணுக்கு வேறு சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவர்களுக்கே போகும். அனுமதித்த முகவரிகளுக்கு மட்டுமே நாணயம் வெளியேறும் வசதி இருந்தால், அதையும் இன்றே இயக்கிவிடுங்கள்.

படி 4: சிறு தொகைக்கு வாங்குங்கள்

ஒரு பிட்காயின் 10 கோடி சடோஷிகளாகப் பிரிவதால் முழு நாணயம் வாங்க வேண்டியதில்லை. இழந்தாலும் வீட்டுச் செலவைத் தொடாத தொகையாக இருக்கட்டும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியையும், வெளியே அனுப்பும் கட்டணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தொகை மிகச் சிறியதாக இருந்தால் கட்டணமே அதன் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

படி 5: சொந்த வாலட்டை உருவாக்குங்கள்

பிட்காயினுக்கான புளூவாலட், எலக்ட்ரம் போன்ற வாலட்களை அவற்றின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடுபொறி விளம்பரங்களில் போலிகள் வருவதுண்டு. தொகை வளர்ந்தால் சாவியைத் தனிக் கருவியில் காக்கும் லெட்ஜர், டிரெசர் போன்ற ஹார்டுவேர் வாலட்டைத் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்கலாம்.

வாலட்டை உருவாக்கும்போது 12 அல்லது 24 மீட்புச் சொற்கள் காட்டப்படும். கருவி தொலைந்தாலும் இச்சொற்கள் இருந்தால் நாணயம் மீளும். சொற்கள் வேறொருவர் கையில் சிக்கினால் கருவி உங்களிடம் இருந்தும் பயனில்லை. எனவே வரிசை மாறாமல் காகிதத்தில் எழுதி, இரண்டு இடங்களில் வையுங்கள். புகைப்படம் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ உங்களுக்கு நீங்களே அனுப்பியும் வைக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவை என்று சொல்லி யார் கேட்டாலும் அவர் திருடரே; எந்த நேர்மையான நிறுவனத்துக்கும் அந்தச் சொற்கள் தேவைப்படாது.

பலரும் தாண்டிச் செல்லும் ஒரு வேலையை இங்கே கட்டாயம் செய்யுங்கள்: வாலட் காலியாக இருக்கும்போதே அதைக் கைபேசியிலிருந்து நீக்கி, எழுதிய சொற்களைக் கொண்டு மீட்டுப் பாருங்கள். முன்பிருந்த அதே முகவரி திரும்ப வந்தால்தான் நீங்கள் எழுதியது சரி.

படி 6: மாற்றிப் பாருங்கள்

வாலட்டில் பெறும் முகவரியை நகலெடுத்து எக்ஸ்சேஞ்சில் ஒட்டுங்கள். நகலெடுத்த முகவரியைக் களவாக மாற்றிவிடும் தீநிரல்கள் உண்டு. ஆகவே ஒட்டிய பிறகு முகவரியின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமன்றி நடுப்பகுதியையும் ஒப்பிடுங்கள். யுஎஸ்டிடி போன்ற நாணயங்கள் எத்தீரியம், டிரான் எனப் பல நெட்வொர்க்குகளில் இயங்குவதால், இரு பக்கமும் ஒரே நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தவறான முகவரிக்குப் போனதைத் திருப்பித் தரும் கிளை மேலாளர் எவரும் இங்கே இல்லை.

முதலில் சிறு பகுதியை மட்டும் அனுப்புங்கள். பிட்காயினில் பரிமாற்றங்களின் தொகுப்பான பிளாக், சராசரியாக 10 நிமிடங்களுக்கு ஒன்று சேர்கிறது. பெரிய தொகைக்கு 6 உறுதிப்பாடுகள், அதாவது உங்கள் பரிமாற்றம் உள்ள பிளாக்கையும் சேர்த்து 6 பிளாக்குகள் வரை காத்திருப்பது நெடுநாள் வழக்கம். சிறு பகுதி வந்து சேர்ந்த பிறகே மீதியை அனுப்புங்கள்.

படி 7: கடன் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள பிட்காயினை அடமானம் வைத்து 50,000 ரூபாய் கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடன், அடமான மதிப்பில் 80 சதவீதத்தைத் தொட்டால் விற்றுவிடுவோம் என்பது நிபந்தனையானால், அடமானத்தின் மதிப்பு 62,500 ரூபாய்க்கு இறங்கும்போதே உங்கள் நாணயம் விற்கப்படும். 2022ஆம் ஆண்டில் பிட்காயின் விலை 60 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

படி 8: வரிக்கான பதிவேடும் குடும்பத்துக்கான குறிப்பும்

கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2022 ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனையே. எனவே வாங்கிய நாள், விலை, அளவு ஆகியவற்றையும், சொந்த வாலட்டுக்கு மாற்றிய விவரத்தையும் அன்றன்றே பதிந்து, எக்ஸ்சேஞ்சின் அறிக்கைகளையும் இறக்கி வையுங்கள். அந்த நிறுவனம் மூடப்பட்டால் அறிக்கையும் கிடைக்காமல் போகலாம்.

வங்கிக் கணக்கில் நாமினி உண்டு. சொந்த வாலட்டில் கிடையாது. மீட்புச் சொற்களை உயிலில் எழுதினால் உயிலைப் படிக்கும் எல்லோரும் அவற்றைப் படிப்பார்கள். அதற்குப் பதிலாக, என்ன வைத்திருக்கிறீர்கள், எந்த வாலட்டில், சொற்கள் எழுதிய காகிதம் எங்கே இருக்கிறது என்ற மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உறையிட்டுக் கொடுங்கள். வாலட்டை மாற்றும்போதெல்லாம் அந்தத் தாளையும் மாற்றுங்கள்.