வெளியூர் ஆட்டம்: திரும்பும் டிக்கெட்டில் கோட்டை விடுகிறவர்களுக்கு

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி பெங்களூருவிலோ கொச்சியிலோ விளையாடும் வாரம் வந்துவிட்டால், தெரியாத எண்களிலிருந்து எனக்குச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, முதல் முறையாக வருகிறேன், என்ன எடுத்து வர வேண்டும்?" இப்படிக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஒன்றும் கேட்காமல் வந்து சேர்ந்து, ஆட்டம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது "ரயிலுக்கு நேரமாகிவிட்டது" என்று எழுந்து முன்னால் இருப்பவர்களை மிதித்துக்கொண்டு போகிறவர்களைத்தான் பிடிக்காது. இதை முக்கியமாக அவர்களுக்காகவே எழுதுகிறேன். நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே கோமாளித்தனங்களைப் புதிதாக வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

டிக்கெட்டை மறக்காதீர்கள், அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள், கைபேசிக்குச் சார்ஜ் போடுங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அவற்றை உங்கள் வீட்டில் இருப்பவர்களே சொல்லி அனுப்புவார்கள்.

மஞ்சள் சட்டை

தான் சென்னைக்காரர் என்று காட்டுவதற்காகச் சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையை மாட்டிக்கொண்டு கொச்சிக்கு வருகிறவர்கள் உண்டு என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் வருகிறார்கள். சென்னையின் அணியின் உரிமையாளர்களில் ஒருவராக தோனியின் பெயர் இருப்பதால் எல்லாம் ஒரே குடும்பம் என்பது அவர்கள் கணக்கு. கொச்சி அணியான கேரளா பிளாஸ்டர்ஸின் நிறமே மஞ்சள். அவர்களுடைய ரசிகர் அமைப்பின் பெயர் மஞ்ஞப்படை. கலூர் ஸ்டேடியத்தைச் சுற்றி மாலை நான்கு மணியிலிருந்தே மஞ்சளைத் தவிர வேறு நிறம் கண்ணில் படாது. அந்தக் கடலுக்குள் நம் ஆள் ஒருவர் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது நம் வாயிலில் நின்ற போலீஸ்காரர் விடவில்லை. டிக்கெட்டைக் காட்டியும் பயனில்லை. மஞ்சள் சட்டை எல்லாம் அந்தப் பக்கம் என்று கையை நீட்டிவிட்டார். எங்களில் இருவர் வெளியே போய், ஒரு நீலச் சட்டையைக் கொடுத்து, அவரை உள்ளே அழைத்து வர வேண்டியதாயிற்று. முதல் கால் மணி நேர ஆட்டம் அதிலேயே போனது.

பெங்களூருவில் சிக்கல் வேறு. நமக்கும் நீலம், பெங்களூரு எஃப்.சி.க்கும் நீலம். கழுத்தில் சென்னையின் ஸ்கார்ஃப் இல்லாமல் வெறும் நீலச் சட்டையோடு போனால் தூரத்திலிருந்து பார்க்கிற காவலருக்கு நீங்கள் யார் என்று தெரியாது.

உள்ளூர்க்காரர்கள் நடுவே இருக்கை

இணையத்தில் முதலில் தெரிகிற மலிவான இருக்கையை வாங்காதீர்கள். அது பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களின் கோல் பக்கமாகத்தான் இருக்கும். வெளியூர் ரசிகர்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்குவார்கள். அவே ஸ்டாண்ட் என்போம். அந்த டிக்கெட்டுகளைப் பற்றி பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் போன்ற நம் ரசிகர் குழுக்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பகுதியில் மாட்டிக்கொண்டவருக்கு அடிதடி எதுவும் நடக்காது, அந்தப் பயம் வேண்டாம். நம் அணி கோல் போடும்போது வாயை மூடிக்கொண்டு முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குச் சென்னையில் வீட்டிலேயே தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம்.

கீழ் வரிசை

பெங்களூரு ஸ்ரீ கண்டீரவாவில் மைதானத்தைச் சுற்றி ஓடுதளம் உண்டு. கீழே உட்கார்ந்தால் மறுபக்கத்துக் கோலில் நடப்பது ஒன்றும் புரியாது. மேலே ஏறுங்கள்.

திரும்பும் டிக்கெட்

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வரும். போகிற டிக்கெட்டை எல்லாரும் கவனமாக எடுக்கிறார்கள். மெட்ரோ எது, மதியச் சாப்பாடு எங்கே, எந்த வாயிலில் சேர்வது என்று எல்லாவற்றுக்கும் திட்டம் இருக்கிறது. திரும்புவதற்கு மட்டும், இரவு என்றால் ரயில், ரயில் என்றால் கிடைத்தது எதுவோ அது என்று விட்டுவிடுகிறார்கள். வெளியூர் ஆட்டத்துக்குத் திட்டம் போடுகிறவர் கடைசியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டம் இரவு 7.30-க்குத் தொடங்கினால், இரண்டு பாதி, கால் மணி இடைவேளை, காயங்களுக்காக நடுவர் சேர்க்கும் நிமிடங்கள் எல்லாம் சேர்ந்து 9.20-க்கும் 9.30-க்கும் நடுவில் முடியும். இது வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆட்டக்காரர்கள் நம் பகுதிக்கு முன்னால் வந்து கைதட்டிவிட்டுப் போவார்கள். உள்ளூர்க் கூட்டம் கலைகிற வரையில் போலீஸ் நம்மை உள்ளேயே நிறுத்தி வைக்கும். சில இரவுகளில் பத்து நிமிடம். களத்தில் உரசல் இருந்த இரவுகளில் அரை மணி நேரம். எனக்கு ரயில் இருக்கிறது என்று கெஞ்சினாலும் கதவு திறக்காது. பிறகு, பெங்களூரு என்றால், கப்பன் பார்க் மெட்ரோ வரை நடை. அங்கே பரிசோதனை வரிசை. மெஜஸ்டிக்கில் இறங்கி ரயில் நிலையத்துக்குள் போய் நடைமேடையைத் தேட வேண்டும். பெங்களூரு - சென்னை மெயில் பதினொரு மணிக்கு முன்பே கிளம்பிவிடும். எல்லாம் சரியாக நடந்தால் பிடித்துவிடலாம், நானே பிடித்திருக்கிறேன். ஆனால் அந்த ரயிலை மனத்தில் வைத்திருப்பவர் எழுபதாவது நிமிடத்திலிருந்தே கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். எண்பதாவது நிமிடத்தில் எழுந்துவிடுவார்.

எண்பதாவது நிமிடத்தில் எழுந்து போகிறவர்களிடம் நான் கோவாவில் உள்ள ஃபதோர்டாவைப் பற்றித்தான் சொல்வேன். 2015 டிசம்பர் 20, ஐ.எஸ்.எல். இறுதியாட்டம், கோவாவின் சொந்த மைதானம். 87-ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்த கோலில் கோவா 2-1 என்று முந்தியது. மைதானம் முழுக்கக் கொண்டாட்டம். தோற்றாயிற்று, ரயிலையாவது பிடிப்போம் என்று எண்ணத் தோன்றும் நிமிடம் அதுதான். 90-ஆவது நிமிடத்தில் பந்து கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் தவறால் அவருடைய வலைக்குள்ளேயே போனது. 2-2. சேர்த்துக் கொடுத்த நேரத்தில் மென்டோசா மூன்றாவதை அடித்தார். கோப்பை சென்னைக்கு வந்தது. முன்னதாகவே எழுந்தவருக்கு இந்த இரண்டு கோல்களும் வெளியே நடந்துபோகும்போது கேட்ட இரைச்சல் மட்டும்தான்.

2018 மார்ச் 17 அன்று கண்டீரவாவிலேயே நடந்த இறுதியாட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூருவின் சேத்ரி 9-ஆவது நிமிடத்தில் கோல் போட்டார். மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி நம்மை முன்னே கொண்டுவந்தார். 67-ஆவது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ 3-1 ஆக்கினார். முடிந்தது என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். கடைசி நிமிடங்களில் மிக்கு ஒன்றைத் திருப்பி அடித்து 3-2 ஆக்கினார். அதற்குப் பிறகு விசில் வரும்வரை இருந்த அந்தச் சிறிது நேரத்துக்காகத்தான் ஒருவர் 350 கிலோமீட்டர் பயணம் செய்து வெளியூர் போகிறார்.

அடுத்தது நிலையம். பெங்களூருவிலிருந்து சென்னைக்கு வரும் ரயில்கள் எல்லாம் மெஜஸ்டிக்கில் இருக்கும் கே.எஸ்.ஆர். நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை. சில யஷ்வந்த்பூரிலிருந்து கிளம்பும். சில, 2022-இல் திறந்த சர் எம். விஸ்வேஸ்வரய்யா முனையத்திலிருந்து கிளம்பும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கப்பன் பார்க்கிலிருந்து மெஜஸ்டிக் போகும் அதே ஊதா வழித்தடத்தில் விஸ்வேஸ்வரய்யா பெயரில் ஒரு மெட்ரோ நிலையமும் வரும். சென்ட்ரல் கல்லூரிப் பக்கம். பெயரைக் கேட்டதும் அங்கே குதித்து இறங்குகிறார்கள். ரயில் முனையம் இருப்பது நகரத்தின் கிழக்கே, பையப்பனஹள்ளியில். மெட்ரோவில் நீங்கள் வந்ததற்கு நேர் எதிர்த்திசை. பெயர் வைத்தவர்களைத் திட்டிப் பயனில்லை, டிக்கெட்டில் இருக்கும் நிலையத்தின் பெயரை முழுதாகப் படியுங்கள்.

இப்போது தேதி. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

கொச்சியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நான்கு கல்லூரி மாணவர்கள் சனிக்கிழமை இரவே சென்னையிலிருந்து ரயிலேறி வந்தார்கள். நல்ல பையன்கள், தொண்ணூறு நிமிடமும் உட்காராமல் பாடினார்கள். ஆலப்புழை எக்ஸ்பிரஸும் திருவனந்தபுரம் மெயிலும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எர்ணாகுளத்தைக் கடந்துவிடும் என்பதை எப்படியோ கண்டுபிடித்து, நள்ளிரவைத் தாண்டி வருகிற ரயிலில் இடம் போட்டிருந்தார்கள். புத்திசாலிகள் என்று நானும் பாராட்டினேன். ரயில் நேரம் நள்ளிரவு 12.20. டிக்கெட்டில் இருந்த தேதி ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை 12.20 என்பது ஞாயிறு பிறந்து இருபது நிமிடம். அவர்கள் வரும் வழியில் தூங்கிக்கொண்டிருந்தபோதே அந்த ரயில் எர்ணாகுளத்தை விட்டுப் போயாயிற்று. நிலையத்தில் பயணிகள் பட்டியலில் பெயரைக் காணாமல் எனக்குக் கூப்பிட்டார்கள். "அண்ணா, டிக்கெட்டில் ஞாயிறு என்றுதானே இருக்கிறது, இன்றைக்கு ஞாயிறுதானே?" என்று ஒருவன் என்னிடம் வாதாடினான். பணம் திரும்பவில்லை; கிளம்பிப் போன ரயிலுக்கு யார் கொடுப்பார்கள்? நடைமேடையில் படுத்து, விடிந்ததும் பஸ்ஸில் கோயம்புத்தூர், அங்கிருந்து முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றபடி சென்னை. ஒருவனுக்குத் திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு இருந்தது என்பதைப் பிறகுதான் சொன்னான். அடுத்த சீசனில் வேறொரு கூட்டம், அச்சு அசலாக இதே தவறு. ஆட்டம் ஞாயிறு என்றால், நள்ளிரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஏறும் ரயிலின் தேதி திங்கள். காகிதத்தில் பெரிதாக எழுதி, முன்பதிவு செய்யும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்போர் பட்டியலை நம்புகிறவர்கள் இன்னொரு வகை. ஞாயிறு இரவு ரயில்களில் வேலைக்குத் திரும்புகிறவர்கள் நிரம்பியிருப்பார்கள், பட்டியல் அசையாது. இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசி வரை காத்திருப்பிலேயே இருந்தால் பயணிகள் பட்டியல் தயாரானதும் தானாகவே ரத்தாகிவிடும். இரண்டாம் பாதியில் அந்தச் செய்தி கைபேசிக்கு வந்து முகம் வெளிறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் வழி இதுதான். பெங்களூரு என்றால் இரவு பதினொன்றரைக்கு மேல் கிளம்பும் பஸ். சாந்திநகர் பேருந்து நிலையம் கண்டீரவாவிலிருந்து அதிகத் தொலைவில்லை, ஆட்டோவில் போய்விடலாம். ஆட்டம் நீண்டாலும், போலீஸ் நிறுத்தி வைத்தாலும், நடுவில் ஒரு தோசை சாப்பிட்டாலும் நேரம் மிஞ்சும். கொச்சி என்றால் இரவு அங்கேயே தங்கிவிடுவேன். நான்கு பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் தவறவிட்ட ரயிலின் செலவைவிடக் குறைவு. விடுமுறை கிடைக்காதவர்கள் கொச்சி ஆட்டத்துக்கு வராமல் இருப்பதே மேல். இப்படிச் சொன்னதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

தேதி மாறும்

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆட்ட அட்டவணை அதற்கு அப்புறம் மாறினாலும் ஆச்சரியப்படாதீர்கள். ரத்து செய்ய முடியாத மலிவு விமான டிக்கெட்டை வாங்கிவிட்டு, அணி நிர்வாகத்தைச் சமூக ஊடகத்தில் வசை பாடாதீர்கள்.

ஊர்ப் பெயர்

கொச்சியில் இருப்பதும் நேரு ஸ்டேடியம், ஃபதோர்டாவில் இருப்பதும் நேரு ஸ்டேடியம், நம் சென்னையில் இருப்பதும் நேரு ஸ்டேடியம். ஆட்டோக்காரரிடம் கலூர் என்றும் ஃபதோர்டா என்றும் சொல்லுங்கள்.

முதுகுப் பை

உள்ளே விடமாட்டார்கள். வைத்துக்கொள்ள மைதானத்தில் இடமும் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயிலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் காசு கொடுத்து வைத்தால், ஆட்டம் முடிந்து வரும்போது கடை சாத்தியிருக்கும். இது நடக்காத வெளியூர் ஆட்டமே இல்லை. ரயில் நிலையத்துப் பொருள் காப்பகத்தில் வைக்கலாம். பூட்டுப் போடாத பையை அங்கே வாங்கமாட்டார்கள், பயண டிக்கெட்டையும் கேட்பார்கள். இரண்டு ரூபாய்ப் பூட்டு இல்லாமல் போய் நிற்காதீர்கள் என்று சொல்ல ஆசைதான். இன்றைக்கு அந்த விலைக்குப் பூட்டு ஏது.

டிரம், கொடிக் கம்பு

முன்அனுமதி இல்லாமல் தூக்கி வராதீர்கள். ரசிகர் குழு வாங்கித் தரும்.

காவிரி

கால்பந்துக்குள் இழுக்காதீர்கள்.

பவர் பேங்க்

வாயிலில் வாங்கி ஒரு பெட்டியில் போடுவார்கள். திரும்பி வராது.